இரவல் கண்

கூசமோவுக்கு வடக்கே, ஆகஸ்ட் முதல் வாரம்.
ஊற்றுநீர் கசியும் சதுப்பில்
கட்டைவிரல் நகத்தளவு ஒரு மஞ்சள்.

இடக்கண்ணில் புரை. அக்டோபரில் எடுப்பதாக
ஔலு மருத்துவமனை கடிதம் போட்டிருக்கிறது.
வலக்கண்ணை இன்று காலை
ஒரு கருங்கொசு கடித்துச் சாத்திவிட்டுப் போனது.
முப்பத்தோரு வருடம் பூ பார்த்துச் சம்பளம் வாங்கியவள்
மஞ்சள் என்பதற்கு மேல்
ஒன்றும் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

பின்னால் யால்மரி.
அவனுடைய தோண்டும் இயந்திரம்
எஞ்சின் அணைத்து மேட்டில் நிற்கிறது.
பழைய வடிகாலைத் தூர்வார வந்தவன்.
மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி,
காத்திருக்கும் மணிக்குக் கிடையாது.

"வெறும் மஞ்சள் பூதானே?"
வெறும் மஞ்சள் இங்கே ஏழெட்டு உண்டு, என்றேன்.
ஈட்டியிலைக்காரி ஒருத்தி, எந்தப் பள்ளத்திலும் இருப்பாள்.
அவளானால் நீ தோண்டலாம்.
இன்னொருத்தியானால்
வீட்டுக்குப் போகலாம்.

கழுத்துக் கயிற்றிலிருந்து லென்ஸைக் கழற்றி
கிரீஸ் மணக்கும் அவன் கையில் வைத்தேன்.
கண்ணோடு ஒட்டிப் பிடி.
பூவை இழுக்காதே, நீ குனி.

குப்புறப் படுத்தான்.
அவன் எடைக்குப் பாசி ஒரு பெருமூச்சு விட்டு
முழங்கை வரை தண்ணீர் கொடுத்தது.

இதழ் பளபளக்கிறதா, வெண்ணெய் தடவினாற்போல?
"இல்லை. மங்கல்."
தண்டில்?
"மயிர். துருப்பிடித்த கம்பியின் நிறம்."

அவன் கழுத்தில் கொசுக்களின் ரீங்காரம்.
விரட்டினால் பூ ஆடும்.
கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

மகரந்தத் தாள்களை எண்ணு.
எண்ணி மாளவில்லை என்றால் ஈட்டியிலைக்காரி.

எண்ணினான், முணுமுணுப்பாக.
"ஒன்பது."
ஒன்பது இருக்காதே.
"இருக்கிறதே."
மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
நிறைய, என்று அவன் சொல்லியிருக்கலாம்.
ஒரு சொல்.
நானும் அதையே எழுதியிருப்பேன்,
இரண்டு மணிக்குள் வாளி மண்ணில் இறங்கியிருக்கும்.
இயந்திரத்துக்கு இன்னும் நாற்பது தவணை பாக்கி,
வரும் வழியில் காரில் அவனே சொன்னது.
எனக்கு இல்லாத கண்ணும்
எனக்கு இல்லாத கடனும்
ஒரே ஆளிடம், தண்ணீரில் வயிறு நனையக் கிடந்தன.

"பத்து," என்றான்.
"ஒன்று இதழுக்கடியில் மடங்கியிருந்தது."
நடுவில்?
"இரண்டு கொம்பு. கலைமான் கன்றுக்கு
ஜூனில் முட்டிக்கொண்டு வருமே, அப்படி."
பிறகு, நான் கேட்காமலே:
"இதழ் அடியில் புள்ளி புள்ளியாய் ஆரஞ்சு.
யாரோ புதுப் பேனாவில் மை வருகிறதா என்று
தொட்டுப் பார்த்த மாதிரி."

புள்ளியைக் கேட்க மறந்தே போயிருந்தேன்.

லெத்தோரிக்கோ, என்றேன்.
அவன் எதுவும் சொல்லவில்லை.
படிவத்தில் இரண்டு கட்டம்: உறுதி, ஐயம்.
உறுதியில் தடவித் தடவிக் கோடிட்டேன்.
கண்டவர் பெயர் என்ற இடத்தில் அவன் பெயர்.
தடுப்பான் என்று பார்த்தேன்.
எட்டிப் பார்த்து, குடும்பப் பெயரில்
விட்டுப்போன ஓர் எழுத்தை மட்டும் சேர்த்தான்.

முதலாளியைக் கூப்பிட போனை உயர்த்திப் பிடித்தான்.
சிக்னல் இல்லை.
"இது எவ்வளவு எடை இருக்கும்?
என்னுடையது பதினான்கு டன்."
என்னிடம் எல்லா அளவும் இருந்தது, உயரம், அகலம்,
விதை உதிரும் வாரம்.
எடை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

திரும்பும்போது
வந்த தடத்திலேயே கால் வைத்து முன்னால் போனான்.
தடங்களில் ஏற்கெனவே தண்ணீர் ஏறியிருந்தது.
மேடு வருவதற்குள் இரண்டு தடவை
என்னைத்தான் அதட்டினான்:
"பார்த்து, அங்கே மிதிக்காதே.
அங்கே ஒன்று இருக்கிறது."